கல்லில் இல்லாத பெயர்

ஐயமற உறுதி செய்துகொண்ட செய்திகளை மட்டுமே இங்கே எழுதுகிறேன். தமிழாசிரியனின் பழக்கத்தால் இப்படி ஒரு வரம்பு வைத்துக்கொண்டதாக எவரும் எண்ண வேண்டா. உறுதியில்லாத ஒன்றை உறுதி என்று என் வாழ்நாளில் ஒருமுறை சொன்னேன். அந்த ஒரு சொல்லை நம்பி ஒரு குடும்பம் தன் தேடலை நிறுத்திக்கொண்டது. அதைப் பற்றி எழுதும்போதும் ஊகத்தைக் கலந்தால், கோயிலில் செய்த தவற்றைத் தாளிலும் செய்தவனாவேன். ஆகவே என் நாட்குறிப்பில் உள்ளவை, அக்குடும்பத்து அம்மையார் ஒருவர் எனக்கு எழுதிய இரண்டு கடிதங்களில் உள்ளவை, எங்களை அழைத்துச் சென்ற வாடகைக் கார் ஓட்டுநரிடமும் என் மனைவியிடமும் பின்னர் கேட்டு ஒத்துப் பார்த்தவை ஆகியவற்றுக்கு அப்பால் இதில் எதுவும் இராது. நாட்குறிப்பின் மேலட்டையும் முதல் சில தாள்களும் கறையானுக்குப் போய்விட்டதாலும், கடிதங்களில் ஆண்டு குறிக்கப்படாததாலும் ஆண்டைச் சொல்ல இயலவில்லை. தொண்ணூறுகளின் நடுப்பகுதி என்பது மட்டும் உறுதி. மாதம் தை. பெயர்களை வேண்டுமென்றே விட்டிருக்கிறேன்.

நான் அப்போது பாளையங்கோட்டையில் ஒரு பள்ளியில் தமிழாசிரியன். குடியிருந்தது திருநெல்வேலி டவுணில். என்னோடு புலவர் வகுப்பில் படித்துப் பினாங்கில் குடியேறிய நண்பர் ஒருவர், தம்மோடு பணிபுரியும் ஆசிரியை ஒருவருக்கு என் முகவரியைக் கொடுத்திருந்தார். மார்கழியில் அவருடைய முதல் கடிதம் வந்தது. மூன்று நாள் இங்கே தங்கிக் கோயில்களைப் பார்க்க விரும்புவதாகத் தொடங்கிய அக்கடிதம், இரண்டாம் பக்கத்தில் உண்மைக் காரணத்தைச் சொன்னது.

அவருடைய தந்தை ஏழு வயதில் சிற்றப்பனோடு கப்பலேறியவர். சிற்றப்பன் போய்ச் சேர்ந்த இரண்டாம் ஆண்டே இறந்துவிட்டார். ஊரோடு இருந்த தொடர்பு அத்தோடு அற்றது. ஊரின் பெயர் ‘புதூர்’ என்பது தந்தைக்கு நினைவிருந்தது. நெல்லைச் சீமையில் எத்தனை புதூர்கள் உண்டென்று இங்குள்ளவர்களுக்குத் தெரியும். வேறு இரண்டு செய்திகளையும் அவர் மறக்கவில்லை. ஒன்று, ஊரில் விட்டுவந்த தங்கை. நான்கு வயதுக் குழந்தை, கப்பலுக்குப் புறப்பட்ட அன்று இவருடைய வேட்டி நுனியை விடமாட்டேன் என்று அழுதவள். மற்றொன்று, கோயில் தரை. “எங்க தாத்தா கோயில்ல தரையில படுத்திருப்பாரு. மிதிச்சிராதேன்னு அம்மா என் கையைப் பிடிச்சுச் சுத்திக் கூட்டிட்டுப் போவாங்க” என்று எழுபத்தைந்து வயதைக் கடந்த பின்னும் சொல்லிக்கொண்டிருந்தாராம்.

நம் பக்கத்துக் கோயில்களைத் தரையைப் பார்த்து நடப்பவர்கள் இதை அறிவார்கள். திருப்பணி செய்தவர்கள், நெடுஞ்சாண்கிடையாக வணங்கும் தம் உருவத்தைத் தரைக்கல்லில் செதுக்கி, தோளருகே பெயரையும் வெட்டச் செய்வதுண்டு. அடியார்களின் கால்கள் தம்மேல் பட வேண்டும் என்பது அவர்களுடைய விருப்பம். ஊரார் மிதிப்பார்கள், வழிவந்தவர்கள் மட்டும் விலகி நடப்பார்கள். அந்தக் கல் கிடைத்தால் ஊர் கிடைக்கும். ஊர் கிடைத்தால், தங்கை உயிரோடு இருக்கிறாளா என்று கேட்க ஒரு வாசற்படியாவது கிடைக்கும். தந்தைக்கு இதயம் நலிவுற்றிருக்கிறது என்றும், இனி ஒருமுறை தமக்கு விடுப்புக் கிடைக்கும் வரை அவர் இருப்பாரா என்பது ஐயம் என்றும் அம்மையார் எழுதியிருந்தார். தந்தையின் தாத்தாவாகிய பூட்டனாரின் முழுப்பெயரைத் தனித்தாளில் பெரிய எழுத்தில் எழுதி இணைத்திருந்தார்.

முதல் நாள் நெல்லையப்பர் கோயிலுக்குப் போனோம். நாற்பது வயதிருக்கும் அவருக்கு. கைத்தறிச் சேலை, தோளில் படக்கருவி. தட்டினால் ஒவ்வொன்றும் ஒவ்வோர் ஒலி தரும் தூண்களின் முன் ஒருவர் வடநாட்டுப் பயணிகளுக்குக் கதை சொல்லிக்கொண்டிருந்தார். ஒரு மன்னன் கனவு கண்டானாம். சிற்பி விரலை வெட்டிக்கொண்டானாம். நான் பொறுக்கமாட்டாமல் குறுக்கிட்டு, அதற்குச் சான்றில்லை என்று சொன்னேன்.

“சான்று இல்லேன்னா தூண் சத்தம் குடுக்காதா சார்வாள்?” என்றார் அவர். பயணிகள் பொருள் புரியாமலே சிரித்தார்கள். நான் சிரிக்கவில்லை.

அம்மையார் என்னைக் கேட்டார்: “இந்தத் தூணுங்க சரியா எந்தக் காலம், ஐயா?”

“உறுதியாகத் தெரியாது.”

தாமிரசபையின் மரவேலைப்பாட்டைப் பற்றி இரண்டு கேள்விகள் கேட்டார். ஒன்றுக்கு விடை சொன்னேன். மற்றதற்குத் தெரியாது என்றேன். இரண்டு சன்னிதிகளையும் இணைக்கும் நீண்ட மண்டபத்தில் நடந்தபோது அவர் சொன்னதை அன்றே குறித்து வைத்திருக்கிறேன்: “தெரியாததைத் தெரியாதுன்னு சொல்றீங்க பாருங்க, அதனாலதான் நீங்க தெரியும்னு சொன்னா நம்பலாம்னு இருக்கு.” எனக்கு அது பெருமையாக இருந்தது. பின்னர் நான் சொன்ன பொய்க்கு, அன்று சொன்ன ‘தெரியாது’கள் எல்லாம் சேர்ந்து பிணை நின்றன என்பதை இப்போது அறிகிறேன்.

நான் கூரையையும் தூண்களையும் காட்டினேன். அவர் ஒவ்வொரு முறையும் நிமிர்ந்து பார்த்து, “அழகா இருக்கு ஐயா” என்று சொல்லிவிட்டுப் பார்வையைத் தரைக்கு இறக்கினார். உருவம் செதுக்கிய கல்லைக் கண்டால் குந்தி உட்கார்ந்து சேலை நுனியால் துடைத்தார். எழுத்து இருந்தவற்றை நான் வாசித்துச் சொன்னேன். வேறு வேறு பெயர்கள். எங்களோடு உள்ளே வந்திருந்த ஓட்டுநர் தூணில் சாய்ந்தபடி இதைக் கவனித்தார். ஐம்பதைக் கடந்தவர், நான் அவரை அண்ணாச்சி என்றே அழைப்பேன்.

“என்னம்மா, வந்ததுலேருந்து தரையவே பாத்து நடக்கீய? கம்மல் திருகாணி எதும் விழுந்துட்டோ?”

“இல்லண்ணே. எங்க பூட்டனைத் தொலைச்சிட்டோம்.”

“அது சரி. திருகாணின்னாக்கூட வெளக்குமாத்த வச்சுக் கூட்டிப் பாக்கலாம். பூட்டனுக்கு என்ன செய்ய?” என்றவர், விவரத்தைக் கேட்டறிந்ததும் தாமும் குனிந்து தேடத் தொடங்கிவிட்டார். அன்று மாலை தேரடிப் பக்கம் இலைத்துண்டில் அல்வா வாங்கி நின்றபடியே தின்றோம். “அப்பா இதைப் பத்திச் சொன்னதே இல்லையே” என்று அம்மையார் வியந்தார். “ஏழு வயசுப் புள்ளைக்கு எவன் வாங்கிக் குடுத்துருப்பான்?” என்றார் ஓட்டுநர்.

இரண்டாம் நாள் கிருஷ்ணாபுரம். அங்குள்ள சிற்பங்களைக் காட்டுவதற்காக நான் முதல்நாள் இரவே குறிப்பெடுத்து வைத்திருந்தேன். கல்லில் நரம்பு புடைத்திருப்பதையும், நகக்கண் தெரிவதையும், தோளில் சுமந்த பெண்ணின் பாரத்தால் குறவனின் விலா எலும்புகள் அகன்றிருப்பதையும் விளக்கினேன். அவர் கேட்டுக்கொண்டார். கண் மட்டும் கீழே போய்க்கொண்டிருந்தது. என் விளக்கத்துக்குப் பிறகும் ஒருவர் தரையைப் பார்ப்பது எனக்கு மன வருத்தம் தந்தது. இதை ஒளிக்க விரும்பவில்லை: இரண்டாம் நாள் மாலைக்குள் அவருடைய தேடல் எனக்குச் சலித்துவிட்டது.

மூன்றாம் நாள் காலையில் ஆற்றை ஒட்டி மேற்கே புறப்பட்டோம். காரில் ஏறியதும் ஓட்டுநர் ஒரு செய்தி சொன்னார்.

“சார், ராத்திரி யோசிச்சுப் பாத்தேன். களக்காட்டுக்கு அங்கிட்டு ஒரு புதூர் இருக்கு. என் மச்சினன் அங்கனதான் பொண்ணு எடுத்துருக்கான். கோயில ஒட்டிப் பச்சையாறு. தரையில ஆளு படுத்துக் கெடக்கத நான் பாத்த மாதிரிதான் இருக்கு. ஆனா சத்தியம் பண்ண மாட்டேன். சேரன்மாதேவி பாத்துட்டு அங்க போவோமா?”

அம்மையார் முன்னிருக்கையைப் பற்றிக்கொண்டு, “போவோம் அண்ணே, கண்டிப்பா போவோம்” என்றார்.

நானும் தலையசைத்தேன். ஆனால் அன்று மாலை ஆறு மணிக்கு டவுணில் ஓர் இலக்கிய மன்றக் கூட்டத்துக்கு நான் தலைமை தாங்க வேண்டியிருந்தது. அவர்கள் என்னை அழைத்தது அதுவே முதல் முறை. பல ஆண்டுகளாக அந்த அழைப்பை எதிர்பார்த்திருந்தேன். தலைமையுரையை இருபது பக்கம் எழுதி, வீட்டு மேசையில் கல் வைத்து அழுத்திவிட்டு வந்திருந்தேன். போவதற்கு முன் ஒருமுறை உரக்கப் படித்துப் பார்க்க வேண்டும். களக்காட்டுக்குப் போனால் ஐந்தரைக்கு முன் திரும்ப முடியாது என்பதைப் பத்தமடை தாண்டும்போதே கணக்கிட்டுவிட்டேன். ஆனால் வாய்திறந்து சொல்லவில்லை. சொல்லியிருந்தால் என்னைப் பேருந்தில் ஏற்றிவிட்டு அவர்கள் இருவரும் போயிருப்பார்கள். இவ்வளவு எளிய வழி அன்று எனக்குத் தோன்றவில்லை.

சேரன்மகாதேவியைக் கடந்து ஆற்றங்கரையில் உள்ள ஒரு பழைய கோயிலை அடைந்தபோது நண்பகல் நெருங்கியிருந்தது. நடை சாத்தும் நேரம். கொடிமரத்துக்கும் பலிபீடத்துக்கும் இடையே தரையில் மூன்று உருவங்கள் கிடந்தன. இரண்டின் அருகே எழுத்தே இல்லை. மூன்றாவதன் தோளருகே வெட்டுகள் தெரிந்தன. அம்மையார் கிணற்றடியிலிருந்து வாளியில் நீர் கொண்டுவந்து கழுவினார். நான் கொஞ்சம் திருநீற்றை எடுத்து அந்த வெட்டுகளில் தடவினேன்; தேய்ந்த எழுத்தும் அப்படிச் செய்தால் வெண்மையாக மேலெழும். இங்கே எதுவும் எழவில்லை. ஒரு நீண்ட கோடு, அதன் கீழ் ஒரு வளைவு. எழுத்தாகவும் இருக்கலாம், உளி தவறிய இடமாகவும் இருக்கலாம். அவ்வளவே.

மேலும் ஒன்றை நான் அறிந்திருந்தேன். அந்த உருவத்தின் பக்கவாட்டுக் கொண்டையும் இடைக்கச்சும், அம்மையாரின் பூட்டனார் பிறப்பதற்கு இருநூறு ஆண்டுகளேனும் முந்தியவை. கல்லைப் பார்த்த முதல் நொடியிலேயே அறிந்தேன்.

அம்மையார் தரையில் முழங்காலிட்டிருந்தார். கையில் அந்தத் தாள்.

“என்னங்கய்யா தெரியுது?”

நான் கைக்கடிகாரத்தைப் பார்த்தேன். பன்னிரண்டு பத்து.

தாளில் இருந்த பெயரை, கல்லில் விரலை நகர்த்தியபடி எழுத்து எழுத்தாகச் சொன்னேன்.

“எங்க பூட்டன்தானா?”

“ஆமாம்.”

“உறுதியா, ஐயா?”

“உறுதி.”

அவர் கதறவில்லை. தாளை மடித்துக் கைப்பையில் வைத்தார். ஈரத்தையும் பாராமல் அந்தக் கல்லுக்குப் பக்கத்தில், அதே போல் கைகளை நீட்டி, நெடுஞ்சாண்கிடையாகப் படுத்தார். உருவம் அவருடைய நீளமே இருந்தது. நடை சாத்த வந்த கோயில் காவலர் ஓட்டுநரைப் பார்த்து, “என்னவே இது, அந்த அம்மாவுக்கு மயக்கம் கியக்கம் வந்துட்டா?” என்று கேட்டார். “பேசாம இரும்வே. அவங்க தாத்தா கெடைச்சிட்டாரு” என்றார் ஓட்டுநர்.

படச்சுருளில் மிஞ்சியிருந்த அத்தனையையும் அந்தக் கல்லுக்கே எடுத்துத் தீர்த்தார் அம்மையார். பிறகு எழுந்து, “அப்ப இந்த ஊர்ல அத்தையைப் பத்தி விசாரிக்கலாமா ஐயா? இங்க புதூர்னு தெரு எதுவும் இருக்கா?” என்று கேட்டார். இதை நான் எதிர்பார்த்திருக்கவில்லை. ஒரு பொய்க்கு அடுத்தது உடனே தேவைப்படும் என்பதைப் பிள்ளைகளுக்கு எத்தனையோ முறை சொல்லியிருக்கிறேன். “வெயிலில் வீடு வீடாகப் போய்ப் பயனில்லை. பழைய பதிவுகளைப் பார்க்க வேண்டும். நான் நிதானமாக விசாரித்து எழுதுகிறேன்” என்றேன். அவர் கைகூப்பினார்.

அவர் ஆற்றில் கால் நனைக்க இறங்கியபோது ஓட்டுநர் என் அருகில் வந்தார்.

“சார், கோவிச்சுக்காதீய. நானும் எட்டாங்கிளாஸ் படிச்சவன்தான். அந்தக் கல்லுல ஒத்த எழுத்து எனக்குப் புலப்படலியே.”

“அது பழைய எழுத்து, அண்ணாச்சி. பழகினால்தான் தெரியும்.”

“அப்பம் களக்காட்டுக்குப் போகாண்டாம்?”

“வேண்டாம். அதுதான் கிடைத்துவிட்டதே.”

“சரி. படிச்சவுக சொன்னா செரியாத்தான் இருக்கும்” என்றார். காரின் கண்ணாடியைத் துணியால் துடைக்கத் தொடங்கினார்.

மாலைக் கூட்டத்தில் முன் இரண்டு வரிசை கூட நிரம்பவில்லை. என் உரையைக் கேட்டவர்களில் ஒருவரேனும் அதன் ஒரு வரியைப் பின்னர் என்னிடம் நினைவுகூர்ந்ததில்லை. அம்மையார் இரயிலுக்குப் போகும் வழியில் பெட்டியோடு வந்து கடைசி வரிசையில் உட்கார்ந்திருந்தார். நான் பேசி முடித்ததும் மேடையருகே வந்து எல்லார் முன்னிலையிலும் வணங்கி, “எங்க அப்பாவுக்கு ஊர் கிடைச்சிருச்சு, ஐயா” என்றார். அதைக் கேட்ட மன்றத் தலைவர் என்னைப் பாராட்டினார். நான் தலை குனிந்தேன். அடக்கம் என்று கொண்டார்கள்.

சொன்னபடி நான் எதையும் விசாரிக்கவில்லை. பொய்யான ஊரில் என்ன விசாரிப்பது?

சித்திரையில் இரண்டாம் கடிதம் வந்தது. படத்தைப் பெரிதாக்கித் தந்தையின் கட்டிலுக்கு எதிரே மாட்டியிருப்பதாக எழுதியிருந்தார். தந்தை அதை அரை மணி நேரம் பார்த்தாராம். பிறகு, “ஆத்தா எங்க?” என்று கேட்டாராம். அவர் சிறுவயதில் கண்ட கோயிலில் படுத்திருந்தவர்கள் இருவர். தாத்தாவும் அவர் மனைவியும் பக்கத்தில் பக்கத்தில். ஆத்தாவின் கொண்டையில் ஒரு குழி உண்டு. மழைநீர் தேங்கினால் தங்கை அதில் விரலை விட்டு விளையாடுவாள். இதையெல்லாம் படத்தைப் பார்த்த பிறகே அவர் நினைவுகூர்ந்தார். “ஆத்தாவோட கல்லு படத்துக்கு வெளியில இருந்ததா, ஐயா? நான் பரபரப்பில் கவனிக்காம விட்டுட்டேனோன்னு இருக்கு. அப்பா தினமும் கேட்கிறார். அத்தையைப் பற்றி ஏதாவது தெரிந்ததா?” என்று கடிதம் முடிந்தது. தவறு தம்முடையது என்று அவர் எழுதியிருந்த அந்த வரியை என்னால் இரண்டாம் முறை படிக்க முடியவில்லை.

ஆனாலும் மறுமொழி எழுதினேன். பழைய திருப்பணி ஒன்றின்போது அருகிலிருந்த மகளிர் உருவக் கல் அகற்றப்பட்டிருத்தல் கூடும் என்று, பிழையற்ற நடையில், ஒரு பக்கம். ஒட்டுவதற்கு முன் என் மனைவி அதை வாங்கிப் படித்தாள். மூன்றாம் நாள் நடந்தது அவளுக்குத் தெரியாது. ஆனால் என் எழுத்தை அறிந்தவள்.

“‘இருத்தல் கூடும்’னு போட்டிருக்கீங்களே, அகத்துனாங்களா இல்லையா?”

“தெரியவில்லை.”

“அப்பம் தெரியலன்னு எழுத வேண்டியதுதானே? பரீட்சையில ஒரு பையன் இப்படி மழுப்பி எழுதியிருந்தா மார்க்கு போடுவீங்களா?”

அன்று அவளிடம் எல்லாவற்றையும் சொன்னேன். அவள் கடிதத்தை மடித்து மேசையில் வைத்தாள். பிறகு, “ஒரு கூட்டத்துக்காகவா?” என்று மட்டும் கேட்டுவிட்டு அடுப்படிக்குப் போய்விட்டாள். அக்கடிதத்தை அவளிடம் சொல்வதற்கு முன்பே தபாலில் சேர்த்துவிட்டேன் என்று எழுதினால் எனக்கு நன்றாக இருக்கும். அது உண்மையன்று. அவளிடம் சொன்ன பிறகும், மறுநாள் காலை பள்ளிக்குப் போகும் வழியில், அதே கடிதத்தை அஞ்சற்பெட்டியில் போட்டேன். வேறு எழுதத் துணிவில்லை.

கோடை விடுமுறையில், வைகாசியில், கார் நிறுத்தத்துக்குப் போய் ஓட்டுநரிடம் களக்காட்டுப் பக்கத்துப் புதூருக்கு வழி கேட்டேன்.

“இப்பவா சார் போறீய?” என்றார். எங்கே இறங்க வேண்டும், எந்த வயல்வரப்பில் திரும்ப வேண்டும் என்பதைப் பையச் சொன்னார். நான் புறப்பட்டபோது, “அந்தம்மா கிட்ட என்னன்னு சொல்லப் போறீய?” என்றார்.

பேருந்தில் போனேன். கோயில் சிறியது. பின்புறம் பச்சையாறு, கோடையிலும் கற்களுக்கிடையே கொஞ்சம் நீர் ஓடிக்கொண்டிருந்தது, அதன் ஒலி உள்ளே கேட்டது. தரை முழுவதும் புதிய கல் பதித்திருந்தார்கள். பளபளவென்று, இணைப்பு கூடத் தெரியாத வேலை. நான் குனிந்து நடந்து ஒரு மூலையிலிருந்து மறு மூலை வரை பார்த்தேன். வாசலில் பூக்கட்டிக்கொண்டிருந்த பெண் என்னைக் கவனித்துவிட்டு, “என்னய்யா தேடுதீய?” என்றாள்.

தரையில் உருவம் செதுக்கிய கல் இருந்ததா என்று கேட்டேன்.

“இருந்துச்சே. ரெண்டு பேரு படுத்துக் கெடப்பாவ. ஆணும் பொண்ணுமா. கொடிமரத்துக்கு இந்தப் பக்கம். மாசியிலதான் தரை போட்டாவ.”

நாங்கள் சேரன்மகாதேவியிலிருந்து திரும்பியது தையில்.

“எழுத்து இருந்ததா, அம்மா?”

“இருந்துச்சுய்யா, நல்லாத் தெரியும். ஆனா நான் எழுத்தக் கண்டேனா, என்ன பேருன்னு சொல்ல?”

அவள் தொடுப்பதை நிறுத்தாமலே மேலும் சொன்னாள். ஊரில் ஓர் அம்மாள் இருந்தார். வயதானவர், தனிக்கட்டை போலத்தான் வாழ்ந்தார். வெள்ளிக்கிழமை தோறும் வந்து அரைமுழம் பூ வாங்குவார். சாமிக்குக் கொடுத்தது போக ஒரு கிள்ளு எடுத்து, அந்தப் பெண் உருவத்தின் தலையில் வைப்பார்.

“கொண்டையில ஒரு குழி உண்டும்யா. அதுலதான் வைக்கும். மிதிக்காம அந்தால சுத்திப் போகும். நான் ஒருநா கேட்டேன்: ஏனாச்சி, எல்லாரும் மிதிக்கத்தானே போட்டுருக்கு, நீ மட்டும் ஏன் சுத்துதன்னு. எல்லாரும் மிதிக்கட்டும்டி, எங்க ஆச்சிய நான் மிதிப்பனான்னுச்சு. தரை போட்ட வாரம் வந்து பாத்துட்டு அங்கனயே உக்காந்துட்டு. பங்குனியில மக வந்து கூட்டிட்டுப் போயிட்டா.”

“எந்த ஊருக்கு?”

“பம்பாய்ங்காவ. சூரத்துன்னு சொல்லுதவுகளும் உண்டு.”

அந்த அம்மாளுக்குக் கடல்கடந்துபோன அண்ணன் ஒருவர் உண்டா என்று கேட்டேன். “அது யாரு கிட்டயும் ரொம்பப் பேசாதுய்யா” என்றாள். அவர் குடியிருந்த வீட்டைக் காட்டினாள். பூட்டியிருந்தது. அண்டை வீட்டில் இரண்டு பேரைக் கேட்டேன்; மகளின் முகவரி அவர்களிடம் இல்லை. பழைய கற்கள் என்னவாயின என்று வேலை செய்த கொத்தனாரைத் தேடிப்போய் விசாரித்தேன். மேலேயே கலவை போட்டுப் பதித்ததாக அவர் சொன்னார். அவரோடு வேலை செய்தவரோ, கொடிமரத்தருகே மட்டும் மட்டம் சரியாக வராததால் பெயர்த்தெடுத்து ஆற்றங்கரையில் போட்டதாகச் சொன்னார். ஆற்றங்கரையில் துவைகற்கள் பல கிடந்தன. ஒவ்வொன்றையும் புரட்ட முடிந்தவரை புரட்டினேன். உருவம் எதுவும் கண்ணில் படவில்லை.

அன்று மாலையே கடிதம் எழுதினேன். நடை எதுவும் பார்க்கவில்லை. ‘நான் காட்டிய கல்லில் பெயர் இல்லை. எழுத்தே இல்லை. எனக்கு ஒரு கூட்டத்துக்குப் போக வேண்டியிருந்ததால் பொய் சொன்னேன். ஆத்தாவின் கல் படத்துக்கு வெளியிலும் இல்லை; அது வேறு கோயில், வேறு ஊர். நீங்கள் எதையும் கவனிக்காமல் விடவில்லை’ என்று தொடங்கி, புதூரில் கண்டதையும் கேட்டதையும், கொத்தனாரும் உடன் வேலை செய்தவரும் முரண்பட்டுச் சொன்னது உட்பட, முழுவதும் எழுதினேன். இம்முறை மனைவியிடம் நானே கொடுத்தேன். படித்துவிட்டு, “இதுல மழுப்பல் இல்ல” என்றாள். பதிவு அஞ்சலில், பெற்றுக்கொண்டதற்கான ஒப்புகை அட்டை இணைத்து அனுப்பினேன். அட்டை திரும்பவில்லை. கடிதமும் திரும்பவில்லை. ஐப்பசியில் நண்பருக்கு எழுதிக் கேட்டேன். அம்மையார் வேறு மாநிலத்துப் பள்ளிக்கு மாற்றலாகிப் போய்விட்டார், புதிய முகவரி தமக்குத் தெரியாது என்று அவர் விடை எழுதினார். தந்தையைப் பற்றி அவர் எதுவும் குறிப்பிடவில்லை. நான் மறுபடியும் எழுதிக் கேட்டதற்கு விடை வரவில்லை.

எனக்குத் தெரியாதவை இவை. புதூர்க் கோயிலின் கல்லில் இருந்த பெயர் என்ன என்பது தெரியாது. அது அம்மையாரின் பூட்டனார் பெயர்தான் என்று என் மனம் சொல்கிறது. மனம் சொல்வது சான்றாகாது. கற்கள் தரைக்குக் கீழே உள்ளனவா, ஆற்றில் போயினவா என்பது தெரியாது. பூ வைத்த அந்த அம்மாள் அவருடைய அத்தையா, எங்கே போனார், யாரையேனும் எதிர்பார்த்திருந்தாரா என்பது தெரியாது. என் கடைசிக் கடிதம் பினாங்கில் எவர் கைக்கேனும் போய்ச் சேர்ந்ததா என்பதும், அது சேரும்போது அந்த முதியவர் உயிரோடு இருந்தாரா என்பதும், கட்டிலுக்கு எதிரே மாட்டிய அந்தப் படத்தை எவரேனும் கழற்றினார்களா என்பதும் எனக்குத் தெரியாது.